குடிக்கிற குடத்துத் தண்ணீர்

கயல்விழிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய சொந்த ஊரான தாழைக்கரையின் உப்பளவுக் கோடு, தரையில் கிடக்கிற கயிறு மாதிரி ஆடாமல் அசையாமல் நேராகக் கிடந்தது. உப்பே இல்லையாம். சித்திரை வெயிலிலும் இல்லையாம், ஐப்பசி மழையிலும் இல்லையாம். பருப்பு வேகாத ஊர், டீயில் பால் திரிந்துபோகிற ஊர், தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராக நிற்கிற ஊர். அந்த ஊர்த் தண்ணீர் இளநீராம்! இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

"ஜாஃபர் அண்ணே, உப்பு மீட்டர் கெட்டுப்போச்சா?"

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. மத்த ரெண்டு ஊருக்கும் அதே மீட்டர்தான? அங்கெல்லாம் உப்பு காட்டுதே?" என்றார் ஜாஃபர் சாதிக். கையில் யாருடைய ஆதார் கார்டையோ வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார். சீர்காழிக் கடைத்தெருவில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. கடையின் பின்பக்கம் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்குள் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். அதுதான் கடைமடை நீர் அறக்கட்டளையின் தலைமை அலுவலகம், கிளை அலுவலகம் எல்லாம். இவள் செயலாளர், அவர் பொருளாளர். தலைவர் என்று ஒருவர் கையெழுத்துக்கு மட்டும் இருந்தார்.

எதற்கு இந்தப் பாடு என்றால், அரசாங்க வரைபடத்தில் தாழைக்கரை நல்ல நீர்ப் பகுதி. பச்சை வண்ணம். அவர்கள் அளக்கிற கிணறு மேற்கே வெகுதூரத்தில், ஆற்று வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் தித்திக்கத்தான் செய்யும். அந்த ஒரு கிணற்றை வைத்துக் கடற்கரை வரைக்கும் பச்சையை இழுத்துவிட்டார்கள். குடிநீர்க் குழாய் கேட்டு மனுப் போட்டபோதெல்லாம், 'உங்கள் ஊரில் நீர் நன்றாக உள்ளது' என்று பதில் வந்தது. இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. ஊர் அமைப்புகள் சுற்றுச்சூழல் தரவு திரட்ட அரசாங்கம் நிதி கொடுக்கிறதாம். அது கிடைத்தால் தாழைக்கரைக்குள்ளேயே அளவுக் கிணறு தோண்டலாம். அதில் வரும் எண் நேராக வரைபடத்துக்குப் போகும். பச்சை சிவப்பாகும். சிவப்பானால் குழாய் வந்தே தீர வேண்டும்.

குழாய் வந்தால் கயல்விழியின் அம்மா காத்தாயி சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போக வேண்டாம். போன கோடையில் மதகடியில் குடத்தோடு விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுசாக மூடுவதில்லை. அந்தக் கையோடுதான் இன்றும் போகிறாள்.

விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணியோடு கெடு. அடுத்த அறிவிப்பு எப்போது என்று கேட்டால் அந்த அதிகாரிகளுக்கே தெரியாது. ஒரு வருடம் அளந்த கணக்கை வைத்துத் திட்ட விளக்கவுரை எழுத வேண்டும். பிரச்சினை என்ன, யாருக்குப் பாதிப்பு, தரவு எப்படித் திரட்டினீர்கள், எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். கடைசியில் கணக்கைக் கோடாகப் போட்டுச் சேர்ப்போம் என்று பார்த்தபோதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

மற்ற இரண்டு ஊர்களில் அவளே வீடு வீடாகப் போய் அடிபம்பை அடித்துத் தண்ணீர் பிடித்தாள். சொந்த ஊர்தானே, அம்மா பார்த்துக்கொள்வாள் என்று தாழைக்கரையை மட்டும் பெண்களிடமே விட்டாள். மாதா மாதம் அமாவாசைக்குப் பாட்டில்கள் நிறைந்து வந்துவிடும். ஜாஃபர் அளப்பார், எண்ணை ஏற்றுவார். அவருக்கு எண் என்றால் எண், அவ்வளவுதான்.

கயல்விழி திரையை இன்னொரு தரம் பார்த்தாள். எல்லா வீட்டுக்கும் ஒரே கோடு. தெருக்கோடி வீட்டுக்கும் அதே, அவள் வீட்டுக்கும் அதே. எல்லாம் பக்கத்து ஊரில் ஒரே குழாயில் பிடித்த தண்ணீர்.

"அட பாவிகளா!" என்று எழுந்தவள், மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

தாழைக்கரைப் பெண்கள் நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கருவேல நிழலில் காத்தாயியும் தெருக்கோடி வீட்டு ஷம்சாத்தும் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகளைப் பார்த்ததும் காத்தாயியின் முகம் மலர்ந்தது.

"வா தாயி. ரெண்டு வாய் சாப்புடு."

"அம்மா, பாட்டில்ல எந்தத் தண்ணிய புடிச்சீங்க?"

"எந்தத் தண்ணின்னா? நல்ல தண்ணியத்தான்."

"அடிபம்புல புடிக்கச் சொன்னேனேம்மா!"

"சொன்ன. இல்லங்கல. ஆனா பாட்டில்ல எம் பேர எழுதி ஒட்டியிருக்க. கலெக்டர் ஆபீசு வரைக்கும் போவும்னு நீதான சொன்ன? அந்தத் தண்ணிய எம் பேரப் போட்டு அனுப்புனா காறித் துப்ப மாட்டாங்களா? குடிக்கிற குடத்துலேருந்து ஊத்துனோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்," என்றாள் ஷம்சாத். "ஒருத்தி நல்லதக் குடுத்து ஒருத்தி உப்பக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

கயல்விழி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பேர் எழுதி ஒட்டியது அவள்தான். வெறும் எண் போட்டால் மரியாதையாக இருக்காது, வீட்டுக்காரம்மா பேர் இருக்கட்டும் என்று, கையெழுத்து அழகாக வர வேண்டுமென்று பார்த்துப் பார்த்து எழுதினாள். ஒரு காலத்தில் இந்தத் தெருவில் வந்து தண்ணீர் வாங்கிக் குடிக்க எந்த ஆபீசரும் துணியமாட்டான். நின்ற இடத்தில் நின்றே திரும்பிப்போவான். இப்போது படி ஏறி வருகிறார்கள், செம்பை வாங்கி வாயில் வைத்துக் குடிக்கிறார்கள். அப்படி வருகிற சர்க்காருக்கு உப்புத் தண்ணீரையா கொடுப்பது? கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த நியாயம்தான் இப்போது குடியைக் கெடுத்துவிட்டது.

"சரி, போனது போவட்டும். இப்ப எல்லாரும் வீட்டுக்கு வாங்க. அடிபம்புல தண்ணி எடுத்து அளந்துட்டுப் போயிடறேன். உண்மைய எழுதி அனுப்பிடலாம்."

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஷம்சாத் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இது பூரா வெப்சைட்டுல போடுவாங்களாமே? யாரு வேணா பாக்கலாமாமே?"

"ஆமா மாமி. திட்டமே அதான்."

"எம் புள்ள ஃபஹத்து சவூதியிலேருந்து வரான். பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேன். பாழுங்கெணத்துல தள்ளுனாலும் தள்ளுவேன், உப்புத் தண்ணி ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டேம்பாங்க. முழுசா எம் பேரப் போட்டு, இந்த வீட்ல இவ்வளவு உப்புன்னு எழுதிட்டின்னா எவ வருவா? உங்கம்மாவையே கேளு."

கயல்விழி அம்மாவைப் பார்த்தாள். காத்தாயி தூக்கு மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கை மூடாததால் அது நழுவி நழுவிப் போனது.

"நெடுமாறனுக்குக் குத்தாலத்துல பேசியிருக்கோம்," என்றாள் மெதுவாக. நெடுமாறன் கயல்விழியின் தம்பி. "பொண்ணோட அம்மா மொதக் கேள்வியே, தண்ணி எப்படிங்கன்னுதான் கேட்டா. எங்க ஊரு தண்ணி தேங்காத் தண்ணின்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறியேம்மா! அந்தப் பொண்ணு வந்து மொத நாளு உலை வச்சா தெரிஞ்சிடாதா?"

"வந்தப்பறம் தெரிஞ்சா தெரியட்டும். நான் வந்தப்பறம் தெரிஞ்சிக்கிட்டவதான்."

"எல்லாரும் மறைச்சா குழா எப்படிம்மா வரும்? காலம் பூரா இப்படியே குடத்தக் கட்டிக்கிட்டு ஓடப் போறியா? அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கம்மா! உங் கால்ல வேணாலும் விழுறேன்."

"கல்யாணம் முடியட்டும் கயலு. அப்பறம் என்ன வேணா எழுதிக்க," என்றாள் ஷம்சாத். பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம், சொன்னாள். "உனக்கென்னம்மா. சீர்காழில ரூம் எடுத்துத் தங்கியிருக்க. கேன் தண்ணி குடிக்கிற. ஊருல குப்பை கொட்டறது நாங்கதான?"

கயல்விழி எழுந்தாள். அம்மா ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நின்று பார்த்தாள். காத்தாயி மண்கூடையை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டாள்.

கடைக்குத் திரும்பியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஜாஃபர் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்றது?"

"எனக்குத் தெரியலண்ணே. செத்துப்போயிடலாம் போல இருக்கு."

"சும்மா இரு, வாயக் கழுவு." அவர் கடைவாசலை எட்டிப் பார்த்தார். பிறகு தடுப்புக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார். "மத்த ரெண்டு ஊரு எண்ண எடு. கொஞ்சம் கூட்டிக் கொறச்சு நம்ம ஊருக்குப் போடு. பொய்யா சொல்றோம்? உப்பு இருக்கா இல்லையா? அளந்திருந்தா அதான் வந்திருக்கும்."

அதில் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் கயல்விழிக்கும் பட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன. உட்கார்ந்து தட்டினாள். விரல் மளமளவென்று ஓடியது. கோடையில் ஏறி மழையில் இறங்கி, கோடு அழகாக நெளிந்து வந்தது. பார்த்தால் யாரும் நம்புவார்கள். அவளே நம்பினாள்.

அடுத்து, 'தரவு எப்படித் திரட்டப்பட்டது' என்ற பகுதி. 'தாழைக்கரைப் பெண்கள் தத்தம் வீட்டு அடிபம்பிலிருந்து' என்று ஏற்கெனவே எழுதியிருந்தாள். அந்த வரியில் விரல் நின்றது. அவர்கள் வேறு ஊர்த் தண்ணீரைத் தங்கள் பாட்டிலில் ஊற்றினார்கள். அவள் வேறு ஊர் எண்ணைத் தன் கட்டத்தில் ஊற்றுகிறாள். வாய்க்கால் கரையில் நின்று என்ன லட்சணத்தில் அவர்களைத் திட்டிவிட்டு வந்தாள்?

அத்தனை எண்ணையும் அழித்தாள்.

"ஏய், ஏய், என்ன பண்ற?"

"அழிக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? ஒரு வருஷத்துக் கணக்கு இல்லன்னா எடுத்த எடுப்புலேயே தள்ளிடுவாங்க!"

அவள் காது கொடுக்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்க நேரமில்லாமல் அப்படியே எழுதினாள்.

'மூன்று ஊர்களில் தாழைக்கரையின் ஓராண்டுத் தரவு செல்லாது. பிழை எங்களுடையது. பாட்டில்களில் வீட்டுப் பெண்களின் பெயரை எழுதினோம். தங்கள் பெயரில் கெட்ட தண்ணீரைக் கொடுப்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவமானம். எனவே அவர்கள் தொலைவிலிருந்து சுமந்து வந்த குடிநீரை அதில் நிரப்பிக் கொடுத்தார்கள். ஊரின் பெயர் வெளியே தெரிந்தால் பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காது என்ற பயமும் உண்டு. தாழைக்கரையில் உப்பு இருக்கிறது. அதை நிரூபிக்க இன்று எங்களிடம் ஒன்றும் இல்லை. அதற்காகவே ஊருக்குள் ஓர் அளவுக் கிணறு கேட்கிறோம். கிணற்றுக்கு யார் பெயரும் வேண்டியதில்லை.'

ஜாஃபர் பின்னால் நின்று படித்தார். "உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கற," என்று மட்டும் சொன்னார். ஆனால் இணையம் சுற்றிச் சுற்றி நின்றபோது தன் செல்போனிலிருந்து இணைப்புக் கொடுத்தவர் அவர்தான். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து அடிக்கச் சற்று நேரமே இருந்தது. கயல்விழி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். காரியம் கெட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சம்பா அறுப்பு முடிந்து, வயலில் உளுந்து தலை காட்டும்போது கடிதம் வந்தது. களச் சரிபார்ப்புக்கு அரவிந்தன் என்ற அதிகாரி வருகிறார். வீட்டு அடிபம்பில் அவரே தண்ணீர் எடுப்பார். வீட்டுக்காரர் சம்மதித்துத் தன் பெயரைக் கொடுத்தால்தான் அது கணக்கு.

ஜீப்பிலிருந்து இறங்கிய அரவிந்தன் இளவயதுக்காரர், கெட்டவராகத் தெரியவில்லை. "நீங்க எழுதுன அந்தப் பக்கத்தப் படிச்சிட்டு ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்கம்மா," என்றார். "இப்படியும் ஒரு ஊரு இருக்குமான்னு. நெசமான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. ஒரு நாலு வீட்ல எடுத்தாப் போதும்."

நாலு வீடா? ஒரு வீடு கிடைக்கவில்லை. முதல் வீட்டில் பம்பு ரிப்பேர். அடுத்த வீட்டில் வாஷர் போய்விட்டது. அதற்கடுத்த வீடு பூட்டியிருந்தது, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் ஷம்சாத் வாசலிலேயே நின்று, "ரிப்பேருங்க சார்," என்றாள், கயல்விழியின் முகத்தைப் பார்க்காமல். அந்தத் தெருவில் இத்தனை பம்பு ஒரே நாளில் ரிப்பேரானது அன்றைக்குத்தான்.

கடைசியில் அவள் வீடு. கொல்லையில் பம்பு. கயல்விழி அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அம்மா, நம்ம வீட்டையாவது குடு. ஒரே ஒரு வீடு."

"போன வாரந்தான்டி குத்தாலத்துலேருந்து வந்து பூ வச்சிட்டுப் போனாங்க. உந்தம்பி வாழ்க்கையக் கெடுக்காத. வாய மூடு." காத்தாயி வெளியே வந்து, "வாஷர் போயிடுச்சுங்க சார்," என்றாள். "வெயில்ல வந்துருக்கீங்க. உக்காருங்க, தண்ணி குடிங்க."

விளக்கித் துலக்கிய செம்பில், குடிக்கிற குடத்திலிருந்து மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அரவிந்தன் படியிலேயே உட்கார்ந்து, வாயில் வைத்துக் கடகடவென்று முழுச் செம்பையும் குடித்தார். காத்தாயி அதை ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல தண்ணியாத்தானேம்மா இருக்கு?" என்றார் அவர். வாயைத் துடைத்துக்கொண்டு கயல்விழியைத் திரும்பிப் பார்த்தார். "அப்பறம் எதுக்கும்மா இவ்வளவு எழுதுனீங்க?"

பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். கோப்பை மூடினார்.

கயல்விழி ஓர் அடி முன்னால் வந்தாள். அது பக்கத்து ஊர்த் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், விருந்தாளி முன்னால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியதாகும். சொல்லாவிட்டால் எல்லாம் போயிற்று. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

காத்தாயி மகளைப் பார்த்தாள். வெறும் செம்பைப் பார்த்தாள். அதை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

கிறீச் கிறீச்சென்று பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கையால் அடிப்பவளின் சத்தம், விட்டு விட்டு.

திரும்பி வந்தபோது அதே செம்பு நிறையத் தண்ணீர். மூடாத கையில் அது தளும்பித் தளும்பிப் புடவையை நனைத்தது.

"இதையும் ஒரு வாய் குடிங்க சார்."

அவர் வாங்கிக் குடித்தார். ஒரு மிடறு உள்ளே போனது. முகம் கோணிப்போய், மீதியை முற்றத்து ஓரம் துப்பிவிட்டு இருமினார்.

"வீடு தேடி வந்தவங்களுக்கு இதக் குடுக்கறதுக்கு நான் நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவலாம்," என்றாள் காத்தாயி. குரல் உடைந்துபோயிருந்தது. "நீங்க மொதல்ல குடிச்சது நான் சைக்கிள்ல கட்டிக்கிட்டு வந்தது சார். இதான் எங்க ஊரு தண்ணி. எம் பேரு காத்தாயி. எழுதிக்குங்க. வெப்சைட்டுலயும் போட்டுக்குங்க."

அரவிந்தன் கோப்பைத் திறந்தார். பேனா பைக்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அவர் பிடுங்கி எடுத்து எழுதினார். காத்தாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "எம் புள்ள வாழ்க்கைய நானே கெடுத்துட்டேனே!" என்று அவள் அழுத அழுகை தெருவுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே கயல்விழி கொல்லைக்குப் போய் மீட்டரை வைத்தாள். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஒரு வருடமாக அவள் பார்க்கத் துடித்த எண். இப்போது அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஒரு வீடு பத்தாதேம்மா," என்றார் அரவிந்தன் தயங்கி.

தெருவில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் அழுகை நின்றபாடில்லை. ஷம்சாத் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"வாங்க சார், எங்க வீட்டுக்கு."

"பம்பு ரிப்பேருன்னு சொன்னீங்களேம்மா?"

"ரிப்பேருதான் சார்," என்றாள் ஷம்சாத். "ஆனா தண்ணி வரும்."

கயல்விழி மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.